படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்?

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம், “பார்த்துக்கொள்ள ஆள் இருக்காங்களா?” என்று நர்ஸ் கேட்பார். “இருக்காங்க” என்பார் நோயாளி. யார், எத்தனை நாளைக்கு, எதற்கெல்லாம் கைகொடுப்பார்கள் என்பது அந்தப் பதிலில் தெரியாது. அதைக் கேட்டு வாங்கத்தான் செவிலியர் ஆய்வில் வினாத்தாள்கள் வந்தன.

1981-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் நார்பெக், சக ஆய்வாளர்கள் இருவரோடு ‘நர்சிங் ரிசர்ச்’ இதழில் வெளியிட்ட வினாத்தாள் பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறது. வாழ்க்கையில் முக்கியமானவர்கள் யார், ஒவ்வொருவரும் என்ன உறவு என்று வரிசையாக எழுத வேண்டும். 24 பேர் வரை இடம் உண்டு. பிறகு ஒவ்வொருவரும் தரும் துணையைப் பற்றி ஆறு கேள்விகள். சமூக உளவியலாளர் ராபர்ட் கான் வகுத்த அன்பு, ஆமோதிப்பு, உதவி ஆகிய மூன்று வகைத் துணைக்கும் இரண்டிரண்டு. உதவி பற்றிய இரண்டும் மிகவும் நேரடியானவை: அவசரத்துக்குப் பத்து டாலர் கடனோ டாக்டரிடம் போக வண்டியோ வேண்டுமென்றால் இவர் எவ்வளவு உதவுவார்? பல வாரம் படுத்த படுக்கையாகிவிட்டால்? என் பார்வையில் இந்தத் தாளின் உயிரே இந்த இரண்டு கேள்விகள்தான்.

இதே துணையை அளக்க 1988-இல் கிரெகரி ஜிமெட் குழுவினர் தந்த அளவுகோலில் 12 வாக்கியங்கள் மட்டுமே. குடும்பம், நண்பர், நெருக்கமான ஒருவர் என்று பிரித்துக் கேட்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் உலகெங்கும் பரவியது. ஆனால் அதில் ஆட்களின் பெயர் வராது.

நார்பெக்கின் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொருவருக்கும் தரும் மதிப்பெண்களைக் கூட்டித்தான் மொத்தம் வரும். முதலில் அளவு 1 முதல் 5 வரை இருந்தது. அதில், படுக்கையில் விழுந்தால் முழுமனதோடு பார்த்துக்கொள்ளும் மூவருக்கு ஐந்தைந்து போட்டால் 15. எப்போதாவது எட்டிப் பார்க்கும் பத்துப் பேருக்கு இரண்டிரண்டு போட்டால் 20. எண் பெரிதாக இருப்பவர் உண்மையில் தனியாகக் கிடப்பார். அந்த அளவில் ‘சிறிதும் இல்லை’ என்பதற்கே 1 மதிப்பெண் இருந்தது. உதவாதவரும் மொத்தத்தை உயர்த்தினார். பின்னாளில் அளவை 0 முதல் 4 வரை என்று மாற்றினார்கள்.

வினாத்தாளின் கடைசிக் கேள்வி இழப்பைப் பற்றியது. கடந்த ஓராண்டில் இறப்பு, மணமுறிவு, இடமாற்றம், வேலை மாற்றம் என எதனாலாவது முக்கியமானவர்களை இழந்தீர்களா? அவர்கள் எவ்வளவு துணையாக இருந்தார்கள்? மனைவியை இழந்த ஒருவர் இன்னமும் இருபது பெயர் எழுதக்கூடும். வேளைக்குச் சோறும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தவர் அந்த இருபதில் இல்லை. மற்ற கேள்விகளின் மொத்தம் அதைக் காட்டாது.

இந்த வினாத்தாளைக் கையாளும் ஆய்வாளர்கள் மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பட்டியலில் எத்தனை பேர், ஓர் ஆளுக்குச் சராசரி என்ன, இழந்தது யாரை என்பதையும் தனித்தனியே அச்சிட வேண்டும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நர்ஸுக்கு வேண்டிய தகவல் இவற்றில்தான் இருக்கிறது.