முதிய வயதில் மாற்றுச் சிறுநீரகம்: கொள்ளைநோய்க் காலம் கற்பித்தவை

"சுவாமி, மகள் தன்ர சிறுநீரகத்தைத் தாறன் எண்டு நிக்கிறாள். இந்த வயசில நான் அதை வாங்கிறது சரியோ?"

வவுனியா மாவட்டக் கிராமமொன்றில், எழுபதை நெருங்கிய ஒரு விவசாயி எம்மிடம் கேட்ட கேள்வி இது. பல தடவை இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் பற்றை வெட்டிக் காணி திருத்தியவர். 2020ஆம் ஆண்டு, கொவிட் நாட்டை முடக்கியிருந்த வேளை. அன்று எம்மால் பதில் கூற முடியவில்லை. பின்னர் வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கின்றோம்.

எமது மண்ணின் நோய்

1990களில் மதவாச்சி, பதவியா போன்ற விவசாயப் பகுதிகளில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் காணப்படுகின்றது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் இல்லாதவர்களையும் இது பீடிக்கின்றது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. முடிவான விடை இன்னும் இல்லை. நோய் முற்றினால் குருதி சுத்திகரிப்பு அல்லது மாற்றுச் சிறுநீரகம் என்னும் இரு வழிகளே பெரும்பாலும் எஞ்சுகின்றன.

இரு பக்கமும் ஆபத்து

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளாகவே கருதும். அதை நிராகரிக்காதிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். முதல் மாதங்களில் மருந்தின் அளவு அதிகம். முதியவரின் எதிர்ப்புச் சக்தியோ ஏற்கனவே தளர்ந்தது. எனவே கொவிட் தொற்றினால் இத்தகையோர் உயிரிழக்கும் ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகமாயிற்று. 2020இல் பல நாடுகளில் இச்சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன.

ஆனால் காத்திருப்பதும் பாதுகாப்பன்று. குருதி சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், பலரோடு ஒரே அறையில் இருக்கவேண்டும். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு தொடங்கியபோது, வைத்தியசாலைக்குப் போவதே பெரும் பாடாயிற்று.

2021 ஜனவரியில் தடுப்பூசி வந்தது. எனினும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரின் உடலில் அது குறைவாகவே பயன் தந்தது. ஆகவே அவர்களுக்கு மேலதிக ஊசிகளும், வீட்டார் அனைவருக்கும் ஊசியும் தேவைப்பட்டன.

என்ன கேட்க வேண்டும்?

வயது மட்டும் தடையன்று. இதயம் தாங்குமா? நீரிழிவு உண்டா? தொற்று பரவும் வேளையில் சில மாதங்கள் பொறுத்தால் இழப்பு என்ன? கொடுப்பவரின் உடல்நலமும் குடும்பமும் என்னாகும்? இவற்றை வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். ஏற்கனவே மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், தொற்றுக்குப் பயந்து மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவே கூடாது. பெற்ற சிறுநீரகத்தையே இழக்க நேரிடும்.

கொடை, வியாபாரமல்ல

2004 ஆழிப்பேரலைக்குப் பின் சென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் வறுமையினால் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்தோரைத் தேடி இத்தகைய தரகர்கள் வருவார்கள். எச்சரிக்கையாயிருப்போம். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்கின்றது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் எழுதிய சுற்றுமடல், நெறியோடு செய்யப்படும் உறுப்புக் கொடையை அன்றாட வீரச்செயலாகப் போற்றுகின்றது. அன்பினால் கொடுப்பது வேறு, கடனுக்காக விற்பது வேறு.

அந்த முதியவர் காத்திருக்கத் தீர்மானித்தார். ஊரடங்கு நாட்களில் ஊர் இளைஞர்கள் முறைவைத்து அவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றார்கள். 2022இல் அவர் இறைவனடி சேர்ந்தார். மகள் இன்றும் அந்தக் காணியில் பயிர் செய்கிறாள். அவர் எடுத்த முடிவே எல்லோருக்கும் ஏற்றது என நாம் சொல்ல வரவில்லை. வேறொரு குடும்பத்துக்கு வேறு முடிவு பொருந்தலாம். ஆனால் எந்தக் குடும்பமும் இதைத் தனியே சுமக்க நாம் விடலாகாது. உங்கள் ஊரில் குருதி சுத்திகரிப்புக்குப் போகும் ஒருவர் இருக்கிறாரா? அடுத்த தடவை அவரை யார் ஏற்றிச் செல்வது என்று இன்றே பேசிக்கொள்ளுங்கள்.