முற்றிய நுரையீரல் புற்றுநோயும் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வும்

முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்பது நுரையீரலில் தோன்றிய புற்றுநோய் மூளை, எலும்பு, கல்லீரல், அண்ணீரகச் சுரப்பி போன்ற பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட நிலையாகும். மருத்துவத்தில் இது நான்காம் நிலை எனப்படுகிறது. இந்நிலையில் அறுவைச் சிகிச்சையால் நோயை முற்றிலும் அகற்றுவது பெரும்பாலும் இயலாது. எனினும் 2000களுக்குப் பின் வந்த மருந்துகளால் நோயாளர்களுள் ஒரு பகுதியினர் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றனர்.

காரணிகளும் கண்டறிதலும்

புகைபிடித்தலே இந்நோயின் முதன்மைக் காரணி. டீசல் புகை, கல்நார், சிலிக்கா தூசு, பற்றவைப்புப் புகை ஆகியவையும் புற்றுநோய் ஊக்கிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. எனவே கும்மிடிப்பூண்டி, காக்களூர் போன்ற தொழிற்பேட்டைகள் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தில், தொழிலாளர் தம் பணி வரலாற்றை மருத்துவரிடம் கூறுதல் முக்கியமானது. புகைபிடிக்காதவர்க்கும் இந்நோய் வரலாம்.

இருமல், எடை குறைதல், சளியில் குருதி ஆகிய அறிகுறிகள் காசநோய்க்கும் பொதுவானவை. ஊடுகதிர்ப் படத்திலும் இரண்டும் ஒத்த நிழலாகத் தெரியலாம். இதனால் இந்தியாவில் பலர் முதலில் காசநோய் மருந்து உட்கொண்டு காலம் இழக்கின்றனர். சளியில் காசநோய்க் கிருமி காணப்படாமலும் மருந்தால் முன்னேற்றம் இல்லாமலும் இருப்பின், சி.டி. படமும் திசுச் சோதனையும் தேவை.

சிகிச்சை முறைகள்

நுரையீரல் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 85 விழுக்காடு சிறுசெல் அல்லாத வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நெடுங்காலம் கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சையே முதன்மை மருத்துவமாக இருந்தது. பின்னர் இரு புதிய வழிகள் தோன்றின.

முதலாவது இலக்கு சிகிச்சை. ஈ.ஜி.எப்.ஆர். மரபணுப் பிறழ்வு 2004இலும், ஏ.எல்.கே. மரபணு மாற்றம் 2007இலும் இந்நோயில் கண்டறியப்பட்டன. முதல் வகைக்கு ஜெபிட்டினிப், ஓசிமெர்டினிப் ஆகிய மாத்திரைகள் பயன்படுகின்றன. ஏ.எல்.கே. வகைக்கான லோர்லாட்டினிப் மருந்தின் ஆய்வு முடிவுகள் 2024இல் வெளியாயின. ஐந்து ஆண்டு முடிவில் 60 விழுக்காட்டினர்க்கு நோய் முன்னேறவில்லை; பழைய மருந்து பெற்றவர்களில் இது 8 விழுக்காடே.

இரண்டாவது நோயெதிர்ப்புச் சிகிச்சை. இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்சு ஆலிசன், தசுக்கு ஒன்சோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். பி.டி.-எல்1 புரதம் மிகுந்த கட்டிகளில், பெம்புரோலிசுமாப் பெற்றவர்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தனர். வேதிச்சிகிச்சையில் தொடங்கியவர்களில் இது 16 விழுக்காடு. எனவே மருந்தைத் தேர்வதற்கு முன் கட்டியின் மரபணுவையும் புரதத்தையும் சோதித்தல் இன்றியமையாதது.

சிகிச்சைக்குப் பின்

படத்தில் கட்டி மறைவதும் நோய் முற்றிலும் நீங்குவதும் ஒன்றல்ல. இலக்கு சிகிச்சையில் உள்ளவர் நலமாக உணரும்போதும் மருந்தைத் தொடர வேண்டும். தாமாக நிறுத்தினால் நோய் மீளக்கூடும். காலப்போக்கில் கட்டி மருந்துக்கு எதிர்ப்புத் தன்மை பெறலாம். ஆகவே குறித்த இடைவெளியில் சோதனைகள் தொடரும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் எழும் அச்சம் பலர்க்கும் பொதுவானது. அதனைக் குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் கூறுவது நன்று.

வேதிச்சிகிச்சைக்குப் பின் கைகால் மரத்தல் நீடிக்கலாம். இலக்கு மாத்திரைகளால் தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். நோயெதிர்ப்புச் சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரும் தைராய்டு குறைபாடோ நுரையீரல் அழற்சியோ தோன்றலாம். எனவே புதிய இருமலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ கடையில் மருந்து வாங்கி உண்ணலாகாது. மூச்சுப் பயிற்சி, நாள்தோறும் நடத்தல், புரதம் மிக்க உணவு, புகையிலையை முற்றிலும் விடுதல் ஆகியவை பயன் தரும்.

வலிதணிப்புக் கவனிப்பு இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொடக்கத்திலேயே இக்கவனிப்பைப் பெற்ற முற்றிய நோயாளர் மற்றவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர்.

தமிழ்நாட்டில் உதவிகள்

திருவள்ளூர் தொடருந்து நிலையத்தை அடுத்த மணவாள நகரில் வாழ்பவர், புறநகர்த் தொடருந்தில் சென்னை சென்ட்ரலை அடைந்தால் இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை எதிரிலேயே உள்ளது. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் சென்னையில் உள்ளது. திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புக் கவனிப்பும் இயன்முறை மருத்துவமும் இல்லத்திலேயே கிடைக்கின்றன.

புதிய மருந்துகளின் விலையே பெருந்தடை. ஓசிமெர்டினிப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு இந்திய அரசு 2024இல் சுங்க வரி விலக்கு அளித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுடைய குடும்பங்களுக்குப் புற்றுநோய் மருத்துவச் செலவில் உதவுகிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர் உரிய பணிக்கால, பங்களிப்பு விதிகளை நிறைவு செய்திருப்பின், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டுகள் வரை பெறலாம். பணிக்குத் திரும்புவோர் தூசும் புகையும் இல்லாத பிரிவுக்கு மாறுதல் கேட்பது நலம்.