கையும் கருவியும் – 9: பின்வாயில் ஒட்டிய காரீயம்

சென்ற வாரம் அரிவாளுக்குச் சாணை பிடித்தோம். இந்த வாரம் கொஞ்சம் வில்லங்கமான கருவி.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு நடத்தை விதி மார்ச் 16-இல் தொடங்கி ஜூன் 6-இல்தான் விலகியது. அதன்பின் ஒருநாள், இராஜபாளையத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா தன் .22 ரிவால்வரை என் முன் வைத்தார்.

"மாப்ள, உருளை சுத்த மாட்டேங்குது. வாங்கி வச்ச இடத்துல துருப்பிடிக்க விட்டுட்டாங்க."

உருளையைத் திறந்து, ஒவ்வொரு அறையும் காலி என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்ட பிறகே கையில் வாங்கினேன். குழலின் பின்வாயில் சாம்பல் நிறப் பொருக்கு. துரு இல்லை, காரீயம். சுடுதளத்தில் சுட்டுவிட்டுத் துடைக்காமலே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்தவர்கள் மேல் பழி!

.22 தோட்டாவின் நடுவில் கேப் கிடையாது. பற்றவைக்கும் மருந்து பித்தளை விளிம்புக்குள் இருக்கிறது; சுத்தி விளிம்பில் அடிக்கும். குண்டு பெரும்பாலும் மெழுகு தடவிய வெறும் காரீயம், எடை சுமார் 2.6 கிராம். ரிவால்வரில் அது உருளையிலிருந்து ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைய வேண்டும். அறையும் குழலும் மயிரிழை விலகி நின்றாலும் பின்வாய் குண்டைச் சீவும். சீவியது அங்கேயே அப்பும். அடியில் ஈரம் தங்கினால், துரு அப்புறம் வரும்.

உருளை இறுகியதற்குக் காரணம் வேறு. வெற்றுக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் துகள் சேர்ந்திருந்தது. தகடு படியாவிட்டால் உருளை எப்படிச் சுற்றும்? பல் துலக்கும் பழைய பிரஷ்ஷே போதுமாக இருந்தது.

பின்வாய்க்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்தோம். மறுநாள் மாமா அடுப்படிக்குப் போய்ச் செம்பு நாரோடு வந்தார். யோசனை சரிதான், செம்பு காரீயத்தைச் சுரண்டும், எஃகைக் கீறாது. ஆனால் கடையில் விற்பதில் பல, இரும்புக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. காந்தம் ஒட்டினால் வேண்டாம். இது ஒட்டவில்லை. குழல் துடைக்கும் தேய்ந்த பிரஷ்ஷில் நாரைச் சுற்றி உள்ளே திருக, ஜிகினா போல உதிர்ந்தது. துடைக்கத் துணிக்கா பஞ்சம்? பக்கத்திலேயே சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெய்யும் ஊர்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் நொடியில் கரையும் என்று சிலர் சொல்வார்கள். கரையும். கரைந்து வருவது ஈய அசிடேட், இனிக்கும் விஷம். அந்த வேலையே வேண்டாம்.

வேலை முடிந்ததும் மாமா நாரைக் கழுவி, பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வைக்கப் போனார். தடுத்தேன்.

"ஈயந்தானப்பா? ரசமே ஈயச் சொம்புலதான வைக்கிறோம்?"

இங்கேதான் நம் தமிழே நம்மைக் கவிழ்க்கிறது. ரசச் சொம்பு வெள்ளீயம், குண்டு காரீயம். முன்னது 232 டிகிரியில் உருகும், பின்னது 327-இல். இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். காரீயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பாதகமில்லை என்ற அளவே அதற்குக் கிடையாது. மாமா வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள்.

நாரையும் துணியையும் மூடியுள்ள டப்பாவில் போட்டோம். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினோம். அத்தைக்குப் புது நார் வாங்கிக் கொடுத்தாயிற்று.