உங்களுக்குத் தெரியுமா? மனவரைபடம்

● நடுவில் தலைப்பு, சுற்றிலும் வண்ணக் கிளைகள், கிளைக்கு ஓரிரு சொற்கள். மனவரைபடத்தை உலகறியச் செய்தவர் இங்கிலாந்துக்காரர் டோனி புசான். 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் வந்த அவரது தொடர்தான் அதற்கு முதல் மேடை.

● நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இது பழகிய சங்கதி. 2007-08 வாக்கில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அறிமுகமான படைப்பாற்றல் கல்வி முறையில், பாடத்தைப் படித்ததும் மனவரைபடம் வரைவது ஒரு படிநிலையாக இருந்தது. அன்றைக்கு நோட்டில் ஸ்கெட்ச் பேனா, இன்றைக்குத் திரை.

● கருத்து வரைபடம் என்பது வேறு. 1970-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் உருவாக்கியது. அதில் கோட்டின் மேலும் சொல் எழுத வேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்பதை அந்தச் சொல் காட்டிவிடும்.

● மைண்ட்மேனேஜர் என்ற பிரபல மனவரைபட மென்பொருள், ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றுத் தேறிவந்த காலத்தில் மைக் ஜெட்டர் உருவாக்கியது.

● மனவரைபடம் வரையக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஃப்ரீமைண்டும், அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஃப்ரீபிளேனும் கட்டற்ற மென்பொருள்கள். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். ஃப்ரீபிளேனில் 'டேப்' தட்டினால் துணைக்கிளை. 'என்டர்' தட்டினால் பக்கத்துக் கிளை.

● தமிழில் வரைபவர்கள் யுனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத நண்பரின் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

● மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: நடுவில் 'வைகை'. முதல் கிளை பிறப்பிடம்: வருசநாட்டு மலை. அடுத்தது துணையாறுகள்: சுருளியாறு, கொட்டக்குடி, வராகநதி, மஞ்சளாறு. பிறகு அணை: 1959. பெரியாற்று நீர் வரத்து: 1895. கடைசியில் விழா: அழகர் ஆற்றில் இறங்குவது. இப்போது 'விழா'வுக்கும் 'அணை'க்கும் ஓர் அம்புக்குறி போடுங்கள்; அழகருக்காக அணையில் தண்ணீர் திறப்பார்களே! வரிசையாக எழுதிய குறிப்பில் இப்படிப்பட்ட தொடர்பு எளிதில் கண்ணில் படாது.

● மைண்ட்மெய்ஸ்டர் போன்ற இணையக் கருவிகளில் ஒரே படத்தில் பலர் ஒரே நேரத்தில் கிளை சேர்க்கலாம். குழுவாக யோசிக்கும்போது, 'பிரெயின்ஸ்டார்மிங்' முறையை வகுத்த அலெக்ஸ் ஆஸ்பார்னின் விதி நினைவிருக்கட்டும்: முதலில் யோசனைகள் கொட்டட்டும், குறை சொல்வதெல்லாம் பிறகு.

● 2002-இல் லண்டன் மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வில், மனவரைபடம் வரைந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் பாடம் கூடுதலாக நினைவிருந்தது. ஆனால் அந்த முறையில் அவர்களுக்கு ஆர்வம் குறைவாகவே இருந்தது!

● 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். பாடத்தைப் பார்த்தபடி கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். தேர்வே கருத்து வரைபடம் வரைவதாக இருந்தபோதும் முடிவு மாறவில்லை.

● ஆகவே புத்தகத்தைப் பார்த்து அழகாக வரைந்ததோடு வேலை முடிவதில்லை. மென்பொருளில் கிளைகளை மடக்கி வைக்கும் வசதி உண்டு. எல்லாவற்றையும் மடக்குங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு விரித்துச் சரிபாருங்கள். சார்ட் பேப்பரில் இது நடக்காது!