பட்டியலில் இரட்டைப் பெயர்கள்

சங்கரன்கோயில் வட்டாரத்துத் தெரு ஒன்றில் நின்று 'கோமதி' என்று அழைத்தால், நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பர். சங்கரநாராயணரும் கோமதியம்மனும் கோயில் கொண்ட ஊரைச் சுற்றி வாழ்வோர் தம் மக்களுக்கு அப்பெயர்களையே விரும்பி இடுதல் இயல்பு. பாட்டியின் பெயரைப் பேர்த்திக்கு இடும் வழக்கமும் உண்டு. ஆதலின் ஒரே கதவிலக்கத்தில் இரு கோமதிகள் இருத்தல் அரிதன்று. பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்க்க அமரும் ஊழியர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே.

ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளிலோ, ஒரே தொகுதியில் இருமுறையோ பதியப்படலாகாது என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகளின் விதி. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவு வாக்காளர் பட்டியல், அவ்வாண்டு டிசம்பர் 19-இல் வெளியாயிற்று. அதில் விடப்பட்ட 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களுள் ஏறத்தாழ 3 லட்சத்து 39 ஆயிரம் இரட்டைப் பதிவுகள் எனக் கூறப்பட்டது. இரட்டைப் பதிவு என்றதும் சூது என்று எண்ணிவிடலாகாது. சங்கரன்கோயிலிற் பிறந்து கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயர் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நின்றுவிடுதல் நாம் அன்றாடம் காண்பதே.

முன்னாளில் ஒருவர் பட்டியலை வாசிக்க, மற்றவர் சிவப்புப் பென்சிலால் கோடிடுவார். இன்று எக்செல் அட்டவணையில் ஒரு நிரலைத் தேர்ந்து, மீண்டும் வரும் பெயர்களுக்கு நிறம் தீட்டுமாறு கட்டளையிட்டால் நொடியில் முடிந்துவிடும். பட்டியல்கள் இரண்டாயின் 'கவுன்ட்இஃப்' என்னும் சூத்திரம், முதற்பட்டியலின் ஒவ்வொரு பெயரும் இரண்டாவதில் எத்தனை முறை வருகிறது என எண்ணித் தரும். ஆனால் பெயரை மட்டும் ஒப்பிட்டால் நம் ஊரில் பாதிப் பட்டியல் மஞ்சளாகிவிடும்! பெயரோடு வயதையும் வீட்டெண்ணையும் சேர்த்து ஒப்பிடுதற்கு 'கவுன்ட்இஃப்ஸ்' உதவும். பாட்டியையும் பேர்த்தியையும் வயதே பிரித்துக் காட்டும். தந்தை பெயரை மட்டும் நம்புதல் கூடாது. மணமான பெண்ணுக்கு ஓரிடத்தில் தந்தை பெயரும், மற்றோரிடத்தில் கணவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அவர்க்கு வீட்டெண்ணும் மாறிவிடுமாதலால், பிறந்த தேதியே துணை.

இயந்திரம் ஏமாறும் இடங்களும் உள. பெயரின் இறுதியில் ஒரு வெற்றிடம் இருப்பின், கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் இரு பெயர்களை அது வேறெனக் கொள்ளும். 'ட்ரிம்' சூத்திரம் அவ்விடத்தை நீக்கும். 'கோ' என்னும் எழுத்தை ஒரே குறியாகவும் பதியலாம்; ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே, உள்ளே வெவ்வேறு. 'கோமதி அம்மாள்', 'கோமதியம்மாள்', முதலெழுத்து முன்னும் பின்னுமாக வருதல் ஆகியவற்றைக் கையால் ஒருமைப்படுத்தியே தீரவேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே காக்கும். ஆகவே 16 இலக்க வங்கிக் கணக்கு எண்கள் கடைசி இலக்கத்தில் மட்டும் மாறுபட்டிருப்பின், 'கவுன்ட்இஃப்' அவற்றை ஒன்றென்றே எண்ணிவிடும். உதவித்தொகைப் பட்டியலில் இப்பிழை நேர்ந்தால், இரு முதியோருள் ஒருவர் உதவியை இழக்க நேரிடும்.

நிறம் தீட்டப்பட்ட வரி ஐயத்தின் அடையாளமேயன்றித் தீர்ப்பு அன்று. அவ்வரிகளை உடனே அழித்துவிடாமல் வேறொரு தாளிற் படியெடுத்து, வீடு தோறும் சென்று உசாவுதல் வேண்டும். வாக்காளர் பட்டியலாயின், நீக்கக் கோருவதற்குப் படிவம் 7 உண்டு; குடிபெயர்ந்தவர் படிவம் 8 கொடுத்துப் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். உரிமையற்றவர் எனக் கருதி ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தம் கருத்தைக் கூற வாய்ப்பளிக்க வேண்டுமென அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு பணிக்கிறது. வீடு பூட்டியிருந்தால் அண்டை வீட்டார் சொல்லோடு நில்லாது, மாலையில் தறி நின்றபின் மறுமுறை சென்று பார்க்கலாம்.