பெருவிரல் கற்பித்த பாடம்



உங்கள் வீட்டில் எவருக்கேனும் காலில் சிறியதோர் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கலாம். இனி நடக்கவும் கூடும். “அரை மணி நேர வேலைதான், இன்றே வீட்டுக்குப் போய்விடலாம்” என்று மருத்துவர் கூறக் கேட்டு நிம்மதி அடைந்திருப்பீர்கள். அவர் கூறியது உண்மையே. ஆனால் அது அறுப்பதற்கு ஆகும் நேரம். ஆறுவதற்கு ஆகும் நேரமன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நான் பட்ட பாட்டையும், அதன் வழியே எங்கள் குடும்பத்திற்குக் கிட்டிய ஒரு நன்மையையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு. எனக்கு வயது 24. ஓதி முடித்து ஸனது பெற்று, அஞ்சல் வழியில் வரலாற்றில் இளங்கலைப் பட்டமும் முடித்து, எங்கள் கடலோர ஊரின் மத்ரஸா ஒன்றில் ஆசிரியனாகச் சேர்ந்து ஓராண்டு நிறைந்திருந்தது. சுபுஹுக்குப் பின் சிறுவர்களுக்குப் பாடம்; பகலில் ஹிப்ழு மாணவர்களுக்கு; மக்ரிபுக்குப் பின் மீண்டும் சிறுவர்களுக்கு. நாளின் பெரும்பகுதி பாயில் சம்மணமிட்டு அமர்ந்தே கழியும்.

தூய்மையின் பெயரால் ஒரு பிழை

நகம் களைவது நபிவழி. அதனை 40 நாட்களுக்கு மேல் விட்டு வைக்கலாகாது என்று மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். வியாழன்தோறும் அவர்களை விரல் நீட்டச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. என் கால் நகங்களையோ வாரந்தோறும் சவர பிளேடால் சதையை ஒட்டி வெட்டுவேன்; ஓரங்களை உட்புறமாக வளைத்துக் குடைந்தும் எடுப்பேன். அதுவே தூய்மையின் நிறைவு என்று எண்ணியிருந்தேன்.

பிழை அங்கேதான் தொடங்கிற்று. பெருவிரல் நகத்தின் ஓரத்தை மிக ஒட்ட வெட்டிவிட்டால், பின்னர் வளரும் நகமுனை பக்கத்துச் சதைக்குள் குத்திக்கொண்டு வளரக்கூடும். இறுக்கமான காலணியும் வியர்வையும் அதற்குத் துணை செய்யும். சதை வீங்கும், சிவக்கும், நாளடைவில் சீழ் பிடிக்கும். என் வலக்கால் பெருவிரலுக்கு நேர்ந்தது இதுவே.

நம் வீடுகளில் நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிடுவது வழக்கமல்லவா? உம்மா அதனைச் செய்தார்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினார்கள். முள் உள்ளே இருக்கையில் மேலே மருந்து தடவி என்ன பயன்? நானோ அந்த முள்ளைத் தேடி மீண்டும் மீண்டும் பிளேடால் குடைந்தேன். இப்படியே மூன்று மாதங்கள் ஓடின.

தொழுகையின் இருப்பில் வலப் பாதத்தை நட்டு, விரல்களை மடித்துக் கிப்லாவின் பக்கம் திருப்பி வைக்கிறோம். அந்நிலையில் உடலின் பாரம் பெருவிரலில் இறங்கும்போது எனக்கு உயிர் போய் வரும். அத்தஹிய்யாத்தில் நா அசையும். உள்ளமோ இமாம் எப்போது ஸலாம் கொடுப்பார் என்று காத்திருக்கும். தொழுகையையே கெடுக்கத் தொடங்கிய பின்னர்தான் மருத்துவரிடம் செல்லத் துணிந்தேன்.

அரை மணி நேரம்

விரலின் அடியில் இருபுறமும் மரத்துப்போகும் ஊசி போட்டார் மருத்துவர். அந்த ஊசியின் வலி கடுமையானதுதான். ஆனால் சில நிமிடங்களே நீடித்தது. பின்னர் விரல் என்னுடையதாகவே தோன்றவில்லை. சதைக்குள் புதைந்திருந்த நகத்தின் ஓரத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்தார். அவ்வோரத்தில் நகம் மீண்டும் முளைக்காதிருக்க, அதன் வேர்ப்பகுதியில் ஃபீனால் என்னும் மருந்தைத் தொட்டு வைத்தார். கட்டுப் போட்டார். அரை மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது.

“இரண்டு நாட்கள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள். கட்டு நனையக் கூடாது. இரண்டாம் நாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நாட்கள் வேலைக்குப் போக வேண்டாம். மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள்” என்றார். தலையசைத்தேன். விரல் மரத்திருந்ததால் வலியே இல்லை. இதற்காகவா மூன்று மாதம் அஞ்சினோம் என்று எண்ணிக்கொண்டு நடந்தே பேருந்து நிலையம் சேர்ந்தேன்.

மருந்தின் வேகம் தணிந்ததும் விரல் விண்விண்ணென்று தெறித்தது. காலைத் தொங்கவிட்டால் தெறிப்பு மிகுந்தது. நெஞ்சின் மட்டத்திற்கு மேலே உயர்த்தினால் தணிந்தது. காலைத் தொங்கவிடும்போது இரத்தம் கீழே தேங்குகிறது. வீக்கம் கூடி வலியும் கூடுகிறது. உயர்த்தினால் அது எளிதாக மேலே திரும்புகிறது. தலையணை ஒரு சொகுசு அன்று. அதுவும் ஒரு மருந்து என்பதை அன்றிரவு அறிந்தேன்.

மூன்றாம் நாள்

அறிந்தும் என்ன? கட்டு மாற்றியதற்கு மறுநாளே மத்ரஸாவுக்குப் புறப்பட்டேன். எவரும் என்னை அழைக்கவில்லை. விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற அச்சம் பாதி. நான் இல்லாவிட்டால் மாணவர்களின் பாடம் நின்றுவிடும் என்ற பெருமை மீதிப் பாதி. உம்மா தடுத்தார்கள். “சின்னக் காயம்தானே உம்மா” என்று சொல்லிவிட்டு நண்பரின் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்றேன்.

அன்று முழுவதும் சம்மணமிட்டு அமர்ந்தேன். கால் மடங்கியே கிடந்தது. வுளூச் செய்யும் இடத்தில் கட்டு நனைந்தது. அஸருக்குப் பின் பார்த்தால் வெள்ளைத் துணி சிவந்திருந்தது. மறுநாளும் சென்றேன். ஐந்தாம் நாள் இரவு குளிர்காய்ச்சல் வந்தது. விரலிலிருந்து சீழும் துர்நாற்றமும். சிவப்பு பாதத்தின்மேல் ஏறத் தொடங்கியிருந்தது.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. புண்ணைக் கழுவியபடியே கேட்டார்: “ஹஜ்ரத், நீங்கள் கொடுத்த பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மாணவன் எழுந்து போனால் என்ன செய்வீர்கள்? அறுத்தது என் வேலை. ஆற விடுவது உங்கள் வேலை. உங்கள் பாதியை நீங்கள் செய்யவில்லையே!” நான் தலை கவிழ்ந்தேன். பத்து நாட்களில் முடிந்திருக்க வேண்டியது நான்கு வாரங்களாயிற்று.

அமர்ந்து தொழுத நாட்கள்

இம்முறை சொற்படி நடந்தேன். வுளூவில் மற்ற உறுப்புகளையும் காலின் நலமான பகுதியையும் கழுவிக்கொண்டு, கட்டின்மேல் ஈரக் கையால் மஸஹு செய்தேன். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின்படி அத்துடன் தயம்மும் செய்தேன். ஹனஃபீ மத்ஹபில் மஸஹு மட்டுமே போதுமானது. (உங்களுக்கு இத்தகைய நிலை நேர்ந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.) நாற்காலியில் அமர்ந்து தொழுதேன்.

முதலில் மனம் ஒப்பவில்லை. 24 வயது வாலிபன் அமர்ந்து தொழுவதா என்ற கூச்சம். அப்போதுதான் நான் பலமுறை ஓதிக் கொடுத்த செய்திகள் என்னிடமே திரும்பி வந்தன. குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அமர்ந்தே தொழுகை நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையின் இருப்பில் சம்மணமிட்டு அமர்வதைக் கண்ட அவர்களின் மகன் தாமும் அவ்வாறே அமர்ந்தார். தந்தை அவரைத் தடுத்து, வலக் காலை நட்டு வைப்பதே சுன்னத் என்றார்கள். தாங்கள் மட்டும் இப்படி அமர்கிறீர்களே என்று மகன் கேட்டபோது, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று விடை பகர்ந்தார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியைச் சட்டமாகக் கற்பித்திருந்தேன்; அதற்குள் வலியுள்ள ஒரு மனிதர் அமர்ந்திருப்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

உடனே ஒரு சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. தொழுகைப் பயிற்சியில் அவன் ஒருநாளும் வலப் பாதத்தைச் சரியாக நட்டு வைத்ததில்லை. பலர் முன்னிலையில் அவனைக் கடிந்திருக்கிறேன்; ஏன் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. பணிக்குத் திரும்பிய முதல் நாள் கேட்டேன். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்ததாம். அது முழுமையாக மடங்காதாம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பாயில் படுத்தபடி கண்டது

நன்மை ஒன்று கிட்டியது என்றேனல்லவா? அது இதுதான். எங்கள் வாப்பாவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய். ஒரு நாள் முற்பகலில் நான் காலை உயர்த்திப் பாயில் படுத்திருந்தேன். வாப்பா எனக்கு முன்னால் ளுஹாத் தொழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஸுஜூது செய்தபோது சன்னல் வெளிச்சம் அவர்களின் உள்ளங்காலில் விழுந்தது. இடது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்கு அடியில், எட்டணா அளவுக்கு ஒரு புண், சுற்றிலும் கருத்திருந்தது.

“வாப்பா, காலில் என்ன?”

“ஒன்றுமில்லையே!”

“வலிக்கவில்லையா?”

“வலித்தால்தானே தெரியும்” என்று சொல்லிக் காலைத் திருப்பிப் பார்த்தவர்கள் அப்படியே அமர்ந்துவிட்டார்கள்.

சர்க்கரை நோய் நெடுநாள் கட்டுப்படாதிருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறையக்கூடும். முள் தைத்தாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. புண் ஆழமாகி எலும்பைத் தொட்ட பிறகுதான் பலர் மருத்துவரிடம் வருகின்றனர். அப்போது காலையே இழக்கவும் நேரிடுகிறது. ஊசியால் என் விரல் சில மணி நேரம் மரத்திருந்ததல்லவா? அந்த மரப்பை வாப்பா ஆண்டுக்கணக்கில் தம் பாதங்களில் சுமந்து நடந்திருக்கிறார்கள்.

மறுநாளே அதே மருத்துவரிடம் இருவரும் சென்றோம். வாப்பாவின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று, பாதம் காப்பாற்றப்பட்டது. இன்னும் தாமதித்திருந்தால் கணுக்கால் வரை போயிருக்கும் என்றார் மருத்துவர். பல மாதங்கள் கட்டு மாற்றி, காலில் பாரம் இறங்காமல் காத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின் புண் ஆறியது. அல்ஹம்துலில்லாஹ்! 2016இல் மறையும் வரை பள்ளிவாசலுக்குத் தம் கால்களாலேயே நடந்து சென்றார்கள்.

அதுவரை நான் வலியைப் பகையாகவே எண்ணியிருந்தேன். வலி என்பது உடலின் முறையீடு. அந்த முறையீடே எழாத உடலுக்கு நேர்வதை வாப்பாவின் பாதத்தில் கண்டேன். முறையீடு கேட்டும் செவி சாய்க்காமல் மத்ரஸாவுக்குப் போன என்னை நினைத்து நாணினேன்.

உங்களுக்குச் சில சொற்கள்

கால் நகத்தைக் குளித்த பின், அது மென்மையாக இருக்கும்போது நகவெட்டியால் நேராக வெட்டுங்கள். ஓரங்களைக் குடையாதீர்கள். கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவாதீர்கள். அதற்கென விற்கும் அமில மருந்துகளைச் சர்க்கரை நோயாளிகள் தாமாகப் பயன்படுத்தலாகாது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் சொன்ன நாட்கள்வரை ஓய்வெடுங்கள். விரலை இறுக்காத திறந்த செருப்பையே அணியுங்கள். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் திரும்புங்கள்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வுளூச் செய்த பின் விரலிடுக்குகளில் ஈரம் தங்காமல் துடைத்துக்கொள்ளட்டும். அவர்களின் உள்ளங்கால்களை நாள்தோறும் நீங்கள் பாருங்கள். குனிய இயலாதவர்களுக்கு ஒரு கண்ணாடியைக் கீழே வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைகளில் இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மத்ரஸா நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நோயுற்ற ஆசிரியர் சம்பளத்திற்கு அஞ்சி எழுந்து வரும் நிலையை வைக்காதீர்கள். நான் படுத்திருந்த நான்கு வாரங்களும் எங்கள் பெரிய ஹஜ்ரத் தம் ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்து என் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோது பாடம் நின்றிருக்கவில்லை. ஒரு மாணவன் என் எதிர்பார்ப்பையும் கடந்து முன்னேறியிருந்தான். என் பெருமைக்கு அது நல்ல மருந்தாயிற்று.

எஞ்சிய நகம் முழுமையாக வளர்ந்து சீரான வடிவம் பெற ஓராண்டுக்கு மேலாயிற்று. கால் நகம் அவ்வளவு மெதுவாகத்தான் வளரும். நாம் அவசரப்படுவதால் அது விரைவதில்லை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணிக் காக்கும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் உங்களுக்கும் எனக்கும் அருள்வானாக!

இன்றிரவு உறங்கச் செல்லுமுன் உங்கள் வாப்பாவின் பாதங்களை ஒருமுறை பாருங்கள்.