அமாவாசை ராத்திரியில் எத்தனை நர்ஸ்?

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் அமாவாசை என்றால் ஊர் உறங்காது. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்க நள்ளிரவில் கூட்டம் நெருக்கியடிக்கும். அந்த நெரிசலில் யாருக்காவது மயக்கம் வரும், சுற்றுவட்டாரத்தில் எங்கோ ஒரு நிறைமாதக்காரிக்கு இடுப்பு வலி எடுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கையைப் பிடித்து நாடி பார்ப்பவர் பெரும்பாலும் நர்ஸம்மாதான். எத்தனை சிறப்புப் பேருந்து, எத்தனை போலீஸ் என்று கணக்குப் போடும் நாம், எத்தனை நர்ஸ் என்ற கணக்கையும் போட்டாக வேண்டும். அது உயிர்க் கணக்கு.

அதை ஆய்வில் நிறுவியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா எய்கன். அவரும் நர்ஸ்தான். 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,000-க்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களை அவரது குழு ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்து, 2014-ல் வெளியான ஆய்விலும் அதே 7 சதவீதம்! கலிபோர்னியா மாநிலமோ ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே போட்டு, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது.

நோயாளி கூடினால் ஆபத்து ஏன் கூடுகிறது? பிரசவ வார்டில் பாருங்கள். குழந்தை பிறந்த முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தாயைப் பார்க்க வேண்டும். நாடி, பி.பி., கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். ஒரே நர்ஸிடம் நான்கு தாய்மார் இருந்தால் ஆளுக்கு நான்கு நிமிடம்கூடத் தேறாது. அதற்குள் ஒரு ட்ரிப்ஸ் தீரும், வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். போர்வைக்கடியில் உதிரம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

பிரசவ நேரத்தில் கவனிக்க ஆள் இருப்பதன் அருமை இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பேர் பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு மிஷனரி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட மூவருக்கும் மனமில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை வளர்த்தெடுத்தார். டாக்டர் மட்டும் போதாது என்று 1909-லேயே அங்கே நர்ஸ் பயிற்சி தொடங்கியது.

பிறகு தமிழகம் வெகுதூரம் வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களை அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வழிசெய்தது நம் அரசு. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆனால், மூன்று பேர் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு ஒருவர். அதிலும் ஒருவர் லீவு போட்டால்? 2015-ல் தேர்வெழுதி மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டதை மறந்துவிடக் கூடாது. நாளை வேலை இருக்குமோ என்ற கவலையோடு ஒருவரை நைட் டியூட்டி பார்க்க வைப்பது நியாயமல்ல.

எய்கனின் எண்கள் அந்த நாடுகளுக்கு உரியவை. நமக்கு நம் வார்டின் எண்கள் வேண்டும். அதற்கு மேல்மலையனூரைவிடப் பொருத்தமான இடம் ஏது? கூட்டம் என்றைக்குக் கூடும் என்று காலண்டரே சொல்லிவிடுகிறது. அமாவாசை இரவில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள், யார் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று குறித்து, மற்ற இரவுகளோடு ஒப்பிட்டாலே ஓர் ஆண்டில் உண்மை தெரிந்துவிடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இதைக் கையில் எடுக்கலாம், நர்ஸிங் மாணவிகள் கூட நிற்கலாம். டியூட்டி சார்ட்டும் பிரசவப் பதிவேடும் நர்ஸின் மேசைமேலேயே இருக்கின்றன. அடுத்த அமாவாசையிலிருந்தே எண்ணத் தொடங்கலாம்.